கிளச் மூடி

அண்ணன் சாக்குப் பைக்குள் கைவிட்டு அந்தப் பொருளை எடுத்து மேசைமேல் வைத்ததும் பட்டறைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். கருகிய ரப்பர் நாற்றம். அதற்கு அடியில் தீய்ந்த எண்ணெய் நாற்றம். அதற்கும் அடியில் இன்னதென்று சொல்லத் தெரியாத வேறொன்று.

"என்னண்ணா இது? எதையாவது கொன்னு கொண்டுவந்திருக்கியா?"

"கிளச் மூடி." தலைப்பிள்ளை பெற்றவன் மாதிரி பூரித்துப் போயிருந்தான் அண்ணன். "நேத்து வார்த்தேன். முதல் ஊத்துலேயே முழுசா வந்துடுச்சு பாரு."

முழுசாக வந்திருந்தது என்பதை மறுக்க முடியாது. போல்ட் போடும் காதுகள் எல்லாம் இருந்தன. ஆனால் உடம்பு முழுக்க அம்மைத் தழும்பு. அங்கங்கே மணல் அப்பிக்கொண்டு வரமாட்டேன் என்றது. ஒரு ஓரத்தில் உலோகம் வந்து சேருவதற்குள் ஆறிப்போய், பிளந்த உதடு போல மடிந்திருந்தது. கரும்புள்ளி ஒன்றை அவள் ஆணி முனையால் கிளறினாள். பொலபொலவென்று கரி கொட்டி, ஆணி பாதிக்குமேல் உள்ளே போயிற்று.

"இது வார்ப்பா, தேன்கூடா?"

"மேல ஒரு சீவு சீவிட்டா சரியாயிடும். உள்ளே நல்லா இருக்கும்."

"நீ உள்ளே போய்ப் பார்த்தியா?"

அண்ணன் சிரித்தான். அவனை என்ன சொன்னாலும் சிரிப்பான். அலுவலகத்தில் நாள் முழுக்கக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், வீட்டுக்கு வந்ததும் கொட்டகைக்குள் நுழைந்தால் பிறகு ஆளே வேறு. காயலான் கடையில் எலிக்கூடாகக் கிடந்த ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்ததிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் உலகம். அதைச் செய்த கம்பெனியே மூடிப்போய் எத்தனையோ காலம். உதிரி பாகம் எங்கும் கிடைக்காது. சரி, நானே வார்க்கிறேன் என்று இரும்புப் பீப்பாயில் உலை கட்டி, தலைமுடி காயவைக்கும் மெஷினை ஊதுவதற்கு வைத்து, கண்ட அலுமினியத்தையும் உருக்கி மணலில் ஊற்ற ஆரம்பித்தான். வருவது வரும். வந்ததைத் தங்கையிடம் கொண்டுவந்து, கடைந்து கொடு, துளை போட்டுக் கொடு என்று நிற்பான்.

அவளும் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். தொழிற்சாலை வேலையை விட்டுச் சொந்தமாகப் பட்டறை போட்டபோது, பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று வீடே திரும்பி உட்கார்ந்துகொண்டது. லாரியில் லேத்தை ஏற்றி, இறக்கி, தரையில் சமமாக உட்காரும் வரைக்கும் கூடவே நின்றவன் அண்ணன் ஒருவன்தான். அந்த நன்றி அவளுக்கு உண்டு. ஆனால் நன்றி நெஞ்சில் இருக்கிறது. அவன் கொண்டுவரும் பொருளைத் தொடுவது கை. ஒவ்வொரு முறையும் கைக்குத்தான் கூசியது. தெருவில் அவளைப் பட்டறைக்காரி என்பார்கள், அவள் கொடுத்த வேலையில் விரல் வைத்துத் தடவினால் ஒரு பிசிறு தட்டாது என்பார்கள். அப்படிப்பட்டவள் மெஷினில் இந்தக் குப்பையா?

"ஞாயித்துக்கிழமை பழைய வண்டிங்க ஊர்வலம்," என்றான் அண்ணன். "அதுக்குள்ள வேணும். அப்பாகூட ரொம்ப ஆசையா இருக்கார், தெரியுமா? வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து பார்க்கப் போறேன்னு சொல்லிட்டார்."

"அப்பா எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன, ராஜா."

சாக்குப் பையை உதறி மடித்துக்கொண்டு போய்விட்டான். உதறியதில் விழுந்த கரித்தூளை அவள்தான் கூட்டி அள்ளினாள்.

மறுநாள் காலையில் வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டு அந்த மூடியை மில்லிங் மெஷினில் ஏற்றினாள். என்ஜினோடு ஒட்டி உட்கார வேண்டிய முகத்தை முதலில் மட்டமாகச் சீவியாக வேண்டும். நாலு பக்கமும் கட்டை கொடுத்து இறுக்கி, மண்ணெண்ணெய் தடவி, கட்டரை மெல்ல இறக்கினாள்.

கட்டர் பட்டதுமே தெரிந்தது, இது பிஸ்டன் உருக்கின உலோகம் இல்லை என்று. பழைய பிஸ்டனை உருக்கி வார்த்தால் சீவல் மொறுமொறுவென்று உடைந்து விழும். இது உடையவில்லை. மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இழுத்துக்கொண்டு வந்து கட்டர் பல்லில் அப்பியது. நிறுத்தி நிறுத்திக் கம்பியால் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. வார்ப்பதற்கென்று செய்த அலுமினியம் இல்லை. குழாயாக இழுப்பதற்குச் செய்தது. ஜன்னல் சட்டம் எதையாவது போட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு புதுப் பொத்தல் வாய் திறந்தது. சில பொத்தலில் கரி. சிலதில் மணல். சூடு ஏற ஏற அந்த ரப்பர் நாற்றம் மறுபடி கிளம்பி, மண்ணெண்ணெயோடு கலந்து தொண்டையில் உட்கார்ந்தது. அவள் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

இன்னும் ஒரே ஒரு சீவல் என்று இறக்கியபோது 'டக்'கென்று ஒரு சத்தம். கட்டரின் பல் ஒன்று தெறித்து, சுவரில் பட்டு விழுந்தது.

"நாசமாப் போக!" மெஷினை நிறுத்திக் குனிந்து பார்த்தாள். அலுமினியத்துக்கு நடுவே, பல்லில் சிக்கிய எலும்புத் துணுக்கு போல, எஃகு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. சின்ன உளியால் சுற்றிலும் கொத்தி நெம்பியபோது கைக்கு வந்தது. மண்ணெண்ணெயில் போட்டுத் துலக்கினாள். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு வட்டப் பொத்தான். அதோடு ஒட்டி, வளைந்த பட்டை ஸ்பிரிங் ஒன்று, சூட்டில் வெந்து உயிர் போனது.

உருக்கப் போகிற பொருளிலிருந்து இரும்பைக் கழற்றி எறியக்கூட இவனுக்குப் பொறுமை இல்லையே என்றுதான் முதலில் வயிறு எரிந்தது. பிறகு, என்ன பொருள் இது என்று யோசித்தாள். குழாய்க்குள் ஸ்பிரிங். வெளியே நீட்டும் பொத்தான். பொத்தானை அமுக்கினால் குழாய் உள்ளே போகும், விட்டால் அடுத்த துளையில் மாட்டிக்கொள்ளும். மடக்கு நாற்காலியா? கூடாரக் கம்பியா?

அவள் கட்டைவிரல் அந்தப் பொத்தான் மேல் தானாக அழுந்தியது. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வீடு வந்த அன்று, அவர் உயரத்துக்குச் சரியாக வரும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நடக்கும் வாக்கரின் நாலு காலையும் மாற்றி மாற்றி அமுக்கிய விரல் அது. வாங்கிக் கொடுத்ததே அவள்தான். கைப்பிடியில் கறுப்பு ரப்பர். காலடியில் கறுப்பு ரப்பர்.

சீ, அப்படியெல்லாம் இருக்காது. உலகத்தில் எத்தனையோ பொருளில் இந்தப் பொத்தான் இருக்கும். கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இன்னொரு தரம் கழுவினாள். பிறகு அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அப்பாவோட வாக்கர் எங்க இருக்கு?"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்கண்ணன் சொல்லலையா?"

"இல்லையே."

"போன மாசமே கொட்டகைக்குப் போயிடுச்சே அது."

"அப்போ அப்பா பாத்ரூமுக்கு எப்படிப் போறார்?"

"எப்படிப் போவார்? நான்தான்."

பட்டறைக்காரி பட்டறையை இழுத்துச் சாத்தினாள். பாதி சீவிய மூடியைப் பழைய துணியில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வழி முழுக்க அண்ணனைத் திட்டிக்கொண்டே போனாள். நடக்க முடியாத அப்பாவின் காலைப் பிடுங்கி உருக்கிவிட்டாயே, நீ மனுஷனா என்று கேட்பதற்கு வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத தன்னையும் நடுநடுவே திட்டிக்கொண்டாள்.

விடுமுறை நாள், அண்ணன் வீட்டில்தான் இருந்தான். கூடத்தில் அப்பா ஜன்னலோரமாகச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழுவழுவென்று சவரம் செய்த முகம், படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை. பஸ் கம்பெனியில் செக்கராக இருந்த காலத்து மிடுக்கு சட்டை வரைக்கும் அப்படியே இருந்தது. சட்டைக்குக் கீழே போர்வை. அறையில் பினாயில் வாசனை தூக்கலாக இருந்தது. அதைத் தாண்டியும் மற்ற வாசனை வந்தது.

துணியைப் பிரித்து மூடியையும் அந்தப் பொத்தானையும் மேசைமேல் வைத்தாள். "இது என்னன்னு நீயே சொல்லுண்ணா."

அண்ணன் பொத்தானைப் பார்க்கவில்லை. மூடியை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, சீவிய முகத்தை வெளிச்சத்தில் திருப்பினான். "அட, பளபளன்னு வந்திருக்கே! இன்னும் எவ்வளவு பாக்கி?"

"வாக்கரை உருக்கினியா?"

"ஆமா. அதுக்கு ஏன் கத்துற? அவரோட பொருள், அவரே கொடுத்தார்."

"நான்தான் உருக்கச் சொன்னேன்," என்றார் அப்பா. குரலில் ஒரு கெத்து. "மாட்டைக் கட்டி வைக்கிற வேலி மாதிரி அது என்னத்துக்கு? அதைப் பிடிச்சுக்கிட்டு நான் தத்தித் தத்திப் போறதை எதிர் வீட்டுக்காரன் ஜன்னல்ல நின்னு வேடிக்கை பார்க்குறான். இப்போ பாரு, அதே அலுமினியம் வண்டியில ஏறி ரோட்டுல ஓடப்போகுது. எப்படி என் யோசனை?"

"சூப்பர் யோசனைப்பா," என்றான் அண்ணன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வசவெல்லாம் பட்டறைக்காரியின் வாயிலேயே நின்றுவிட்டது. ஒருவனைத் திட்ட வந்தவளுக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கூட்டாளிகளாக, சந்தோஷமாக.

"அப்போ அண்ணி?" என்றாள்.

"அவளுக்கென்ன?" என்றார் அப்பா. கேள்வி உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

அண்ணி அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தாள். புடவைக்கு மேலே இடுப்பில் பட்டையான பெல்ட் ஒன்று இறுக்கியிருந்தது. நாத்தனாரைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அப்பா நாற்காலியின் கையைத் தட்டினார். "இந்தா, எங்க போயிட்ட? சீக்கிரம் வா. வருது எனக்கு."

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். குனியும்போதே பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பா அவள் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, முழுப் பாரத்தையும் தொங்கவிட்டார். அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? அவர்களுக்கு வழி விடுவதற்காக இரண்டடி நகர்ந்து நின்று, மூடியின் பொத்தல்களில் இருந்த தூளை 'ஃபூ ஃபூ' என்று ஊதினான். பிறகு அதைச் சட்டையால் துடைத்தான். அவ்வளவு பதவிசாக, அவ்வளவு ஆசையாக.

பட்டறைக்காரிக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. பினாயிலால் இல்லை.

"அண்ணி, விடுங்க. நிமிருங்க. அண்ணா, நீ வந்து தூக்கு."

"என் கையெல்லாம் தூசி."

"கழுவிக்கிட்டு வந்து தூக்கு."

"அவன் தூக்கினா எனக்கு வலிக்கும்மா," என்றார் அப்பா. "இவளுக்குத்தான் பழக்கம்."

"பழக்கமா? அவங்க இடுப்புல கட்டியிருக்கிறது என்னன்னு பார்த்தீங்களா?"

"எனக்கு வருதுன்னு சொல்றேன், நீ நியாயம் பேசிக்கிட்டு நிக்கிற!"

அண்ணி மறுபடி குனியப் போனாள். பட்டறைக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். லேத் சக்கரம் சுற்றிய கை, எளிதில் விடாது. அண்ணன் மூடியை எங்கே வைப்பது என்று இடம் தேடினான். மேசையில் வைத்தான். உருண்டுவிடுமோ என்று ஒரு துண்டை மடித்து அணைகொடுத்தான். அவன் அணைகொடுத்து முடிப்பதற்குள் நடக்க வேண்டியது நாற்காலியிலேயே நடந்துவிட்டது. போர்வை நனைந்து, தரையில் கோடாக வழிந்து, அண்ணனின் செருப்பு வரைக்கும் வந்தது. வெறும் நீர் மட்டும் இல்லை.

அப்பா வாய்க்கு வந்தபடி கத்த ஆரம்பித்தார். மகளை, மருமகளை, நாற்காலியை, எதிர் வீட்டுக்காரனை. அண்ணியின் கண் அனிச்சையாகத் தரை துடைக்கும் துணி இருக்கும் மூலைக்குப் போயிற்று.

"நீங்க போகக் கூடாது," என்றாள் பட்டறைக்காரி. "அண்ணா!"

அண்ணன் வந்தான். போர்வையை ஒரு நுனியில் பிடித்துத் தூக்கினான். அவ்வளவுதான், முகம் கோணிக்கொண்டு, வாயைப் பொத்தியபடி கொல்லைக்கு ஓடினான். அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. உலைப்புகையையும் தீய்ந்த எண்ணெயையும் சந்தனம் மாதிரி முகர்ந்துகொண்டிருந்த மூக்கு! இத்தனை நாளில் ஒரு தடவைகூட இவன் இதைச் செய்ததில்லை என்று அந்தச் சத்தமே சொல்லிவிட்டது.

அவளுக்கும் ஒன்றும் இனிக்கவில்லை. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள். அண்ணன் கண்ணில் நீரோடு திரும்பி வந்ததும், ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் அவன் என்று பிடித்து அப்பாவைக் குளியலறைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் தண்ணீர் ஊற்றினான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆனாலும் ஊற்றினான்.

ஸ்டூலில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்த அப்பா, இஸ்திரிச் சட்டை இல்லாமல், ஒரு சின்னக் கிழவராக இருந்தார். கத்தல் ஓய்ந்து மெதுவாகச் சொன்னார். "அதைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா நான் போய்ச் சேர்றதுக்குள்ள ஆயிடுதும்மா. தினமும் பாதி வழியிலேயே ஆயிடும். தூக்கிட்டுப் போனா நேரத்துக்குப் போயிடலாம். அதான்."

அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே தவிர, அருவருப்பு ஓர் இழைகூடக் குறையவில்லை. தன் வெட்கத்தை மறைக்க அவருக்குக் கிடைத்தது இன்னொருத்தி இடுப்பா? அதை வாயைத் திறந்து சொல்லாமல், யோசனை, வண்டி, ரோடு என்று ஜம்பம் வேறு.

கூடத்துக்கு வந்தபோது அண்ணி மேசையோரம் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். துணியைத் தொடவில்லை.

"உருக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள், யாரையும் பார்க்காமல். "வழியில ஆனதைத் தினமும் துடைச்சது நான்தானே. துடைக்கிறது எனக்குக் கஷ்டமா இல்ல. தூக்குறதுதான் முடியல. டாக்டர் படுத்தே இருக்கணும்னு சொல்லிட்டார்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே," என்றான் அண்ணன்.

"உங்ககிட்டதான் சொன்னேன். கொட்டகையில இருந்தீங்க. 'ம்'னு சொன்னீங்க."

"பையில ரெண்டு புடவையைப் போட்டுக்கிட்டு வாங்க அண்ணி. எங்க வீட்டுல வந்து படுங்க," என்றாள் பட்டறைக்காரி.

அண்ணி ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள். அண்ணன் தங்கையையும் உள்ளறையையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ அப்பாவை யார் பார்த்துப்பாங்க?"

"நீதான்."

"ஞாயித்துக்கிழமை ஊர்வலம் இருக்கே?"

பதில் சொன்னால் கையும் சேர்ந்து பேசிவிடும் என்று பயந்து அவள் வாசலுக்குப் போனாள். அவன் அதோடும் விடவில்லை. அண்ணி ஸ்கூட்டரில் பக்கவாட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்ட பிறகு, வாசல் வரைக்கும் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "இதை மட்டும் முடிச்சுக் கொடுத்துடு. பாதியில நிக்குது."

"என் மெஷின்ல இனி அது ஏறாது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள்.

அண்ணி அவள் வீட்டில் முதல் இரண்டு நாள் தூங்கினாள். குப்புறப் படுத்து, கையைத் தலைக்குமேல் நீட்டி, கூப்பிட்டாலும் கேட்காத தூக்கம். அண்ணனின் போன் வந்துகொண்டே இருந்தது. மாத்திரை எது, துவாலை எங்கே, சோப்பு தீர்ந்துவிட்டது, அப்பா சாப்பிடமாட்டேன் என்கிறார். அண்ணி எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தவர் அப்பா.

"உன் அண்ணன் எனக்குப் பெரியவங்க டயப்பரை மாட்டி, பொட்டலம் கட்டி வெச்சிட்டு ஊர்வலத்துக்குப் போயிட்டான்மா," என்றார். கெத்து எல்லாம் வடிந்திருந்தது. "காலையில கட்டினது. கசகசன்னு இருக்கு. எனக்கே என்னை முகர முடியல."

அவள் உடனே கிளம்பிப் போனாள். மாற்றிவிட்டாள். அதை எழுதிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு செய்தாள். முடிந்ததும் அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அந்த வாக்கர் மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?"

"கிடைக்கும். உருக்கினவனை வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

ஊர்வலம் எப்படி நடந்தது என்பதை அடுத்த வாரம் பட்டறைக்கு வேலை கொண்டுவந்த ஒருவர் சொன்னார். அண்ணன் வேறு எங்கேயோ கொடுத்து மூடியை அவசரமாகச் சீவி வாங்கி மாட்டியிருக்கிறான். வண்டி கிளம்பியிருக்கிறது. கொஞ்ச தூரம் போவதற்குள் மூடி முழுக்க வியர்க்கிற மாதிரி எண்ணெய் கசிந்து, கால்சட்டையெல்லாம் ஊறி, ரோட்டில் கோடாக விழ, பின்னால் வந்தவர் அதில் சறுக்கி விழப் பார்த்தாராம். ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தானாம். அதைச் சொன்னவர் விழுந்து விழுந்து சிரித்தார். பட்டறைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூடியை நினைத்தாலே தொண்டையில் அந்த ரப்பர் நாற்றம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அண்ணன் அண்ணியைக் கூப்பிட வந்தபோது அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. "சமைக்கிறேன், துவைக்கிறேன். உங்கப்பாவைத் தூக்குறதும் கழுவுறதும் உங்க வேலை. சம்மதம்னா வரேன்," என்றாள். அவன் சம்மதம் என்றான். பிறகும் அவள் இடுப்பு வலி நன்றாகக் குறையும் வரைக்கும் இருந்துவிட்டுத்தான் போனாள். பட்டறைக்காரியே கொண்டுபோய் விட்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் அப்பா புது வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்று பாதி வழியில் ஆகவில்லை; முக்கால் வழியில் ஆயிற்று. பின்னாலேயே பக்கெட்டும் துணியுமாக வந்த அண்ணன் குனிந்து துடைத்தான். அப்பா நிற்காமல் நடந்தார். எதிர் வீட்டு ஜன்னல் திறந்துதான் இருந்தது.

திரும்பும்போது அண்ணன் கையைக் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தான். இளைத்திருந்தான். மூடியைப் பற்றியோ வண்டியைப் பற்றியோ வாய் திறக்கவில்லை.

"இன்னும் என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் போயிடுச்சு."

"பின்ன ஏன் முகத்தை அப்படி வெச்சிருக்க?"

"அருவருப்பா இருக்குண்ணா," என்றாள்.

அவள் அப்பாவைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அனுபவஸ்தன் மாதிரித் தலையை ஆட்டினான். "முதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிடும்," என்றான்.

அவள் அதைத் திருத்தவில்லை. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனாள்.